மாத்திரையும் காவல் பதிவேடும்: கள்ளக்குறிச்சியில் ஆவேச வன்முறைக்கு மருத்துவம்

வன்முறைக் குற்றங்களுக்காகப் பலமுறை தண்டனை பெற்றவர்களும், நொடியில் ஆத்திரத்துக்கு ஆட்படும் இயல்புடையவர்களுமான 630 ஆண்களிடம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். ஒரு சாராருக்கு மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின், மறு சாராருக்கு வெற்று மாத்திரை. 2025இல் வெளியான முடிவின்படி, பொதுவான வன்முறைக் குற்றங்களில் பெரிய வேறுபாடு இல்லை. குடும்ப வன்முறையில் வேறுபாடு இருந்தது. 24 மாதங்களுக்குள் வெற்று மாத்திரை பெற்றோரில் 35.7 விழுக்காட்டினர் மீண்டும் அக்குற்றத்தில் சிக்கினர். மருந்து பெற்றோரில் 28.2 விழுக்காட்டினர். இந்த முடிவைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதைக் காவல் நிலையத்தின் கையில் கொடுக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த மருத்துவத்தின் வேர் பழையது. பின்லாந்துக் குற்றவாளிகளை ஆராய்ந்த லின்னோய்லா என்ற ஆய்வாளரின் குழுவினர், திட்டமிட்டுத் தாக்கியவர்களைவிடத் திடீர் ஆவேசத்தில் தாக்கியவர்களின் தண்டுவட நீரில், இவ்வகை மருந்து குறிவைக்கும் மூளை வேதிப்பொருளான செரட்டோனினின் சிதைபொருள் குறைவாக இருந்ததை 1983இல் பதிவு செய்தனர். அளவுமீறிய கோப வெடிப்பு நோயுள்ளவர்களுக்கு செர்ட்ராலின் வகையைச் சேர்ந்த ஃபுளுவாக்ஸெடின் பயன்தருவதை அமெரிக்க மனநல மருத்துவர் கொக்காரோ 2009இல் காட்டினார். அங்கும் முழுக்கத் தணிந்தவர்கள் சிறுபான்மையினரே. ஆக, இம்மருந்து ஆத்திரத்தைத் தள்ளிப்போட உதவலாம். திட்டமிட்ட குற்றத்தைத் தடுக்காது. குடிநோயையும் தீர்க்காது.

இங்கே குடியை விலக்கிவிட்டு வன்முறையைப் பேச முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அரசின் உடனடிப் பதில் மதுவிலக்குச் சட்டத் திருத்தம்: சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை. விற்பவனுக்கு அது பொருந்தும். குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டுகிறவனுக்கு என்ன வழி? திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரால் வன்முறைக்கு ஆளானதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்குக் காட்டுகிறது. அவர்களில் பலருக்கு இன்றுள்ள வழி புகார் கொடுப்பது, சமரசம் பேசுவது, மறுபடி அடி வாங்குவது.

சிக்கல், மருந்து பெற வேண்டிய 'திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்' யார் என்பதில்தான். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீங்கியதும், அடுத்த ஆண்டே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் சாராய வியாபாரியையும் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க இடம் தருகிறது. கல்வராயன் மலையில் சாராய வழக்குகள் சேர்ந்துவிட்ட ஒரு மலையாளிப் பழங்குடி இளைஞர் யாரையும் அடித்திராதவராகவே இருக்கலாம். ஆனாலும் காவல் பதிவேட்டில் அவர் பழைய குற்றவாளி. அவருக்கு மாத்திரை தருவது மருத்துவமாகாது. வறுமைக்கும் சாலையில்லாமைக்கும் மூளையின் மேல் பழி போடுவதாகும். மாறாக, எந்த வழக்கும் பதியப்படாத மேல்தட்டு வீட்டிலும் மருந்து தேவைப்படும் ஆண் இருப்பார்.

எனவே தேர்வு, ஆவேச இயல்பை அளக்கும் வினாநிரலாலும் மனநல மருத்துவரின் நேர்காணலாலும் நடக்க வேண்டும். ஜாமீனுக்கோ தண்டனைக் குறைப்புக்கோ மாத்திரையை நிபந்தனையாக்கினால் சம்மதம் என்பதற்குப் பொருளே இராது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஆய்வுக்குக் கோருவது முழுத் தகவலோடு தரும் சுதந்திரமான சம்மதத்தை. சுவீடனின் 2015ஆம் ஆண்டு ஆய்வு, 15 முதல் 24 வயதினரிடம் இவ்வகை மருந்துக்கும் வன்முறைக் குற்றத்துக்கும் தொடர்பு காட்டியது. அது காரணத்தை நிறுவவில்லை என்றாலும், இளைஞர்களைத் தொடக்க வாரங்களில் நெருங்கிக் கவனிக்கும் ஏற்பாடின்றி மருந்து தரக் கூடாது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து மலையிறங்கி வர முடியாதவருக்கு, 2021 முதல் வீடு தேடி மாத்திரை கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழி காட்டியிருக்கிறது. குடிமீட்புச் சிகிச்சையும் கூடவே நடக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணவர் மாத்திரை உட்கொள்கிறார் என்பதைக் காட்டி எந்தப் பெண்ணையும் அவரோடு வாழத் திரும்பு என்று யாரும் சொல்லக் கூடாது. அவளுடைய பாதுகாப்பு ஆணை தனி, அவருடைய சிகிச்சை தனி. பயன் உண்டா என்பதை அறிய வழக்குகளை மட்டும் எண்ணாமல், அவளிடம் தனியாகக் கேட்டறிய வேண்டும். இந்த வரம்புகளோடு ஒரு சிறு சோதனையைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்க நெறிமுறைக் குழுவும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் முன்வர வேண்டும்.