குரத்தியர் ஏறிய பாறை

திருவனந்தபுரத்து வார இறுதி மிதிவண்டிக்காரர்களுக்குச் சிதறால் ஒரு வசதியான திரும்புமிடம். விடியுமுன் கரமனைப் பாலத்தைத் தாண்டி, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, குழித்துறை, மார்த்தாண்டம் என்று போய் மலைப்பக்கம் திரும்பினால் ஏறத்தாழ 50 கி.மீ. வெயில் ஏறுமுன் பாறையடியை அடைந்துவிடலாம். மேலே ஒரு குகைக்கோயில், ஒரு சுனை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தென்னந்தலைகள். படம் எடுத்துக்கொண்டு இறங்கி, மார்த்தாண்டத்தில் உண்டுவிட்டு வீடு திரும்புவது வழக்கம். எங்கள் குழுவில் ஐவர். இருவர் பெண்கள். பாறையேற்றத்தில் எங்களுள் தேர்ந்தவர் அவர்களில் ஒருவரே.

இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2018 நவம்பர் இறுதியில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூட மலையேற்றத்தில் பெண்களுக்கு இருந்த தடையைக் கேரள உயர்நீதிமன்றம் நீக்கியது. அடுத்த சனவரியில் பருவம் திறந்தபோது, பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அலுவலர் தன்யா சனல் உச்சிக்கு ஏறினார். மலையடிவாரத்துக் காணி மக்களில் ஒரு பகுதியினர் போனக்காட்டில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அம்மலை அவர்களுடைய வழிபாட்டிடம். அவர்களுடைய மனத்தாங்கலை நகரத்தில் இருந்துகொண்டு எள்ளி ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த நாள்களில் காணிகள் அல்லாத பலரும் ஒரு பெரிய கூற்றைப் போகிறபோக்கில் சொல்லிச் சென்றார்கள்: பெண்கள் மலையேறுவது ‘நம் மரபில்’ இல்லையாம். இன்றும் மிதிவண்டிக் குழுக்களில் இது வேடிக்கைப் பேச்சாக வந்துபோகிறது. இந்தக் கூற்றைச் சிதறால் பாறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

சிதறாலுக்குச் செல்லும் வழியிலேயே, குழித்துறையிலிருந்து கடற்பக்கமாகச் சற்று விலகினால், முஞ்சிறையை அடுத்துப் பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. ஆய் அரசன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-இல் அங்கே திருமால் கோயிலோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் இங்கே தெருவன்று. உண்டி, உறையுளோடு கூடிய கல்விநிலையம். அவன் செப்பேடு, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு இடம் ஒதுக்குகிறது: பௌழிய சரணத்தார் 45 பேர், தைத்திரியர் 36 பேர், தலவகாரர் 14 பேர். சேர விரும்புவோர்க்கு இலக்கணப் பயிற்சியும், மூன்று அரசுகளின் வழக்காறுகளில் தேர்ச்சியும் வேண்டும். துல்லியமான, கண்டிப்பான ஏற்பாடு. 95 இடங்களும் வேதம் ஓதும் ஆண்களுக்கு உரியவை.

அதே ஆய் நாட்டில், ஒரு காலைப்பொழுதில் மிதித்து அடையும் தொலைவில், வேறொரு கல்விமரபு பாறைமேல் இருந்தது. சிதறால் குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்போர் வான்வழியே இயங்கும் ஆற்றல் பெற்ற சமண முனிவர். (இருபதாம் நூற்றாண்டில் இளைஞரின் ‘ஸ்கவுட்’ இயக்கத்துக்குச் சாரணர் என்று தமிழில் பெயர் வைத்தோம். முதுகில் பையோடு குன்றேறும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது எனக்குப் பிடித்த தற்செயல்களில் ஒன்று.) முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெரும்பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர் வரிசை செதுக்கப்பட்டிருக்கிறது. தலைக்குமேல் முக்குடை. பாம்புப் படத்தின் நிழலில் பார்சுவநாதர், பத்மாவதி, சிங்கமும் குழந்தைகளும் உடன் நிற்க அம்பிகை. புடைப்புகளின் அடியில் அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன.

ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இவற்றுள் முதன்மையானது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்துமலைப் படாரியார்க்குப் பொன்னணி வழங்கிய செய்தி அதில் பதிவாகியிருக்கிறது. வழங்கியவர் பெண். பெற்ற தெய்வமும் பெண். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறைக்குப் பொறுப்பு வகித்த து. அ. கோபிநாதராவ், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விடத்துக் கல்வெட்டுகளை வாசித்து வெளியிட்டார்.

குரத்தி என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். அவசரமாகப் படிப்போர் இதைக் ‘குறத்தி’ என்று கொண்டு, குறவர் குலப் பெண் என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். வட்டெழுத்தில் ரகரமும் றகரமும் வேறுவேறு எழுத்துகள், மயங்கத் தேவையில்லை. குரவர் என்றால் ஆசான், பெரியோர். அதன் பெண்பால் குரத்தி: ஆசிரியை. ‘ஆசிரியரின் மனைவி’ என்ற பொருளில் வரும் சொல்லன்று. தன் கல்வியாலும் துறவாலும் ஒருத்தி தானே பெறும் பெயர். குணந்தாங்கிக் குரத்திகள் என்பதில் உள்ள ‘கள்’ விகுதி பன்மையைக் காட்டுவதன்று, மதிப்பைக் காட்டுவது. ஒருத்தியை அரசன் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டிலேயே உயர்வுப்பன்மையில் குறித்த மொழி இது. மாணாக்கி என்ற சொல்லும் அப்படியே. ஆண்பால் மாணாக்கனுக்கு இணையாக அது புழங்கியது என்றால், அந்தச் சொல்லால் அழைக்கப்படப் பெண்கள் இருந்தார்கள் என்று பொருள்.

இது ஓர் ஒற்றைச் சான்றாக இருந்தால் நானே தயங்குவேன். தூத்துக்குடி மாவட்டக் கழுகுமலையில், பாறைமுகத்துத் திருமேனிகளின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கல்வெட்டுகள் உள்ளன. செய்வித்தோர் பட்டியலில் குரத்தியர் பலர். அவர்களிடையே ‘திருச்சாரணத்துக் குரத்திகள்’ என்ற பெயரும் உண்டு. நம் சிதறால் பாறையின் ஆசிரியை, பாண்டிய நாட்டின் கரிசல் நிலத்தில், ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டிருக்கிறார். வடக்கே விடாலில் ஒரு கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய 500 மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றதைச் சொல்கிறது. பார்த்திவசேகரபுரத்தின் 95 இடங்களை வரலாற்று நூல்கள் வாய் நிறையச் சொல்கின்றன. இந்த 500 பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வுக்குக் கற்கள் பொறுப்பல்ல. வாசித்த நாம்தான் பொறுப்பு.

பின்னாளில் சிதறாலின் படாரியார் பகவதியானார். பதினான்காம் நூற்றாண்டில் பகவதிக்கு அளித்த கொடை குறித்தும் இங்கே கல்வெட்டு உண்டு. மலையேறி வந்து வணங்கியவர்கள், தெய்வத்தின் பெயர் மாறிய பின்னும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

களியக்காவிளையில் நாங்கள் தேநீர் குடிக்கும் எல்லைக்கோடு வயதில் மிக இளையது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் போய், 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் சிதறால் ‘தமிழகச் சமணம்’ என்ற தலைப்பின் கீழும், விழிஞ்ஞம் குகைக்கோயில் ‘கேரளக் கலை’ என்ற தலைப்பின் கீழும் போயின. இரண்டுமே ஆய் நாட்டு மண். திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் பாடநூலில் குணந்தாங்கிக் குரத்தியைச் சந்திக்காததற்கு இந்தக் கோடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பாறையேறும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிதறால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். சிற்பமுள்ள பாறையில் கைவைத்து ஏறிப் பழகாதீர்கள். பிடிக்காகப் பூசும் வெண்பொடியும் காலணியின் கருந்தேய்ப்பும் எழுத்தின் பள்ளங்களில் படிந்துவிடும். பெயரும் இதயக்குறியும் கீறுவோர்க்குச் சட்டத்தில் இரண்டாண்டுவரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய்வரை தண்டம் உண்டு. நாங்கள் கயிற்றையும் காலணியையும் வேறு பாறைகளுக்கு வைத்துக்கொண்டு, இங்கே படிவழியே நடந்தே ஏறுகிறோம்.

சிதறாலிலிருந்து கழுகுமலைக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிச் சாலைவழி ஏறத்தாழ 150 கி.மீ. வரும் சனவரியில் இரண்டு நாளில் மிதிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். கணவாயில் எதிர்க்காற்று வீசினால் மூன்று நாள். சமணத் துறவியர் வாகனம் ஏறுவதில்லை. மழைக்காலத்தின் நான்கு மாதங்களும் ஓரிடத்தில் தங்குவார்கள். திருச்சாரணத்துக் குரத்திகள் இந்த வழியே போயிருந்தால், மழை விட்டபின், வெறுங்காலோடு நடந்தே போயிருப்பார்.