பலஸ்தீனப் பூந்தையலும் பனையோலைப் பின்னலும்

பெண்டிரின் கைத்தொழிலும் வரலாற்றுச் சான்றாகும். பலஸ்தீனப் பெண்கள் துணியின் இழையெண்ணி இட்ட குறுக்குத் தையற் பூவேலையின் கோலமும் நிறமும் உடுத்தவளின் ஊரை உணர்த்தின. 1948 ஆம் ஆண்டுப் போரில் ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் அகதிகளாயினர். ஊர்கள் பல அழிந்தன. எனினும், அவ்வூர்க் கோலங்களை முகாம்களிலும் தாயர் மகளிர்க்குக் கற்பித்தனர். 2021 இல் யுனெஸ்கோ அக்கலையை மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

கோப்பாயார்க்கு இஃது அயற்செய்தியன்று. சார்வோலையை வார்ந்து, சாயமிட்டு, இழையெண்ணிக் கடகமும் பெட்டியும் இழைக்கும் நம் பன்னவேலையும் அத்தகையதே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தார் இடம்பெயர்ந்தபோது வீடும் பொருளும் பின்தங்கின. கைப்பழக்கமே உடன் சென்றது. அக்கைப்பழக்கம் ஏட்டில் அடங்குவதன்று. கையைப் பார்த்தே கை கற்கும். ஆதலின், இழைப்போர் உள்ளபோதே இளையோர் அருகிருந்து பழகுதல் வேண்டும். ஊரிழந்தோர் காத்த கலையை, ஊர் திரும்பிய நாம் இழத்தல் தகுமோ?