பட்டடையின் முகம்

கூடா நட்பு என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் ஒரு பட்டடையைக் கொண்டுவந்து வைக்கின்றார். தாங்குவதுபோல் கிடந்து, தக்க இடம் வாய்த்ததும் நம்மை அடித்து வீழ்த்தத் துணைபோகும் பொய்ந்நட்புக்கு அதுவே உவமை. புறநானூற்றின் 170ஆம் பாடலிலோ உறையூர் மருத்துவன் தாமோதரனார், பகைவரின் தாக்குதலுக்கு அசையாத பிட்டங்கொற்றனின் வலிமையைச் சொல்லக் கொல்லனின் உலைக்கல்லைத் துணைக்கு அழைக்கின்றார். ஒரே பொருள்தான், ஓரிடத்தில் இகழ்ச்சிக்கும் மற்றோரிடத்தில் புகழ்ச்சிக்கும் உவமையாகின்றது. இவ்விரண்டையும் பலமுறை படித்திருந்தும், பட்டடை ஒன்றின் அருகே மண்டியிட்டு அதன் உடலைக் கையால் தடவிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியதென்னவோ கடல்கடந்த ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில்தான்.

அமெரிக்கக் கொல்லர்கள் பெருந்திரளாகக் கூடும் நிகழ்வுகளுள் ஒன்று 'குவாட் ஸ்டேட்' என்று சுருக்கமாக வழங்கப்பெறுவது. தென் ஓஹையோவின் கொல்லர் சங்கம் செப்டம்பர் மாத இறுதியில் டிராயின் கண்காட்சித் திடலில் நடத்துவது. இரும்புவேலை கற்றுவரும் நண்பர் ஒருவருடன் நான் சென்றிருந்தேன். ஒருபுறம் உலைகள் மூட்டிச் செய்முறை விளக்கம் நடந்துகொண்டிருந்தது. மறுபுறம், புல்தரையில் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்ட வண்டிகளின் பின்புறம் திறந்து கிடக்க, பட்டடைகளும் வைஸ்களும் குறடுகளும் சம்மட்டிகளும் குவிந்திருந்தன. நம்மூர்ச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களைப் போல, அங்கே எல்லோரும் கையில் ஓர் எஃகுக் குண்டுடன் அலைந்துகொண்டிருந்தார்கள். அதைப் பத்து அங்குல உயரத்திலிருந்து பட்டடையின் முகத்தில் விடுகின்றார்கள். எட்டு அங்குலமேனும் துள்ளி எழுந்தால் முகத்தின் எஃகு இன்னும் உயிரோடு இருக்கின்றதென்று பொருள். சோர்ந்து விழுந்தால், தீவிபத்திலோ வேறு வகையிலோ கடினம் இழந்த பட்டடை அது.

பழைய பட்டடை முழுவதும் எஃகன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எஃகு விலை மிகுந்திருந்த காலத்தில் உடலைத் தேனிரும்பால் செய்து, முகத்தில் மட்டும் எஃகுத் தகட்டை உலைச்சூட்டில் அடித்து ஒட்டினார்கள். உடலும்கூட ஒரே கட்டியன்று. நடுத்துண்டு ஒன்றோடு கால்களையும் கொம்பையும் வாலையும் தனித்தனியே பற்றவைத்தார்கள். நூறு ராத்தலுக்கு மேற்பட்ட கனலும் இரும்பைத் தீயிலிருந்து எடுத்துத் திருப்புவது எப்படி? அதற்காகவே இடுப்பிலும் அடியிலும் சதுரக் குழிகள் இட்டு, அவற்றில் இரும்புக் கடப்பாரைகளைச் செருகித் தூக்கினார்கள். அக்குழிகளை இன்றும் பார்க்கலாம். இறுதியில் முகத்தைக் கடினமாக்கச் சிறிது நீர் போதாது. கொதிக்கும் முகத்தின் மேல் எழும் ஆவித்திரை நீரை அண்டவிடாது. ஆகவே, மேலிருந்து அருவிபோல் நீரைக் கொட்டுவார்கள்.

இவ்வகைப் பட்டடைகளில் பெயர்பெற்றவை ஆங்கிலேயே நாட்டிலிருந்து வந்தவை. ஷெஃபீல்டின் ரிவெலின் ஆற்றங்கரைப் பட்டறையிலிருந்து வந்தவற்றின் முத்திரை 'மவுஸ் ஹோல்', அதாவது எலிவளை. சிலவற்றில் எலியின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கும். டட்லி நகரத்துப் பீட்டர் ரைட் நிறுவனத்தின் பட்டடைகளில் 'சாலிட் ராட்' என்னும் சொற்கள் வட்டமாக அமைந்திருக்கும். கால்களின் மேல் ஒரு சிறு தட்டையான படியும் இருக்கும். பொறிப்பு தேய்ந்து போனாலும் அப்படியைக் கொண்டே அடையாளம் காண்பவர் உண்டு. வட்டத்துளையும் ஒரு காலக்குறிப்புதான். லாடத்தில் ஆணித்துளை இடுவதற்கான அத்துளை 1830ஆம் ஆண்டளவுக்கு முந்தைய பட்டடைகள் பலவற்றில் இராது; உளி முதலியன செருகும் சதுரத்துளை மட்டுமே இருக்கும்.

கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு நன்கு பழக்கமான இன்பம் ஒன்று இவ்விடத்தில் காத்திருந்தது. ஆங்கிலப் பட்டடைகளின் இடுப்பில் மூன்று எண்கள் இடைவெளி விட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் அந்தர். ஓர் அந்தர் 112 ராத்தல். இலங்கைத் தமிழர் வீடுகளில் நெல்லையும் உரத்தையும் அந்தர்க் கணக்கில் சொன்ன பெரியவர்களைப் பலர் அறிந்திருப்பர், அதே அளவுதான். இரண்டாம் எண் கால் அந்தர், அதாவது 28 ராத்தல்; அது மூன்றைத் தாண்டாது. மூன்றாம் எண் எஞ்சிய ராத்தல்கள். அமெரிக்கர்கள் தாங்கள் செய்த பட்டடைகளில் நேரடியாக ராத்தல் எடையையே பொறித்தார்கள். ஆக, எண்ணைப் படிக்கும் முறை தெரியாதவர் எடையைப் பிழையாகக் கொள்வது உறுதி.

அமெரிக்கப் பட்டடைகளின் வரலாறு தனிச்சுவை உடையது. 1840களில் மார்க் ஃபிஷர் என்பார் வார்ப்பிரும்பு உடலின் மேல் எஃகு முகத்தைப் பிணைக்கும் முறையைக் கண்டார். நியூஜெர்சியின் டிரென்டன் நகரில் அமைந்த அவருடைய நிறுவனத்தின் முத்திரை கழுகு. தேனிரும்புப் பட்டடையில் அடித்தால் கோயில் மணிபோல் ஒலிக்கும். கழுகுப் பட்டடையோ ஊமை. ஓசை வேண்டாத இடங்களுக்கு அதுவே குணமாயிற்று. பின்னர், நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஹே-பட்டன் நிறுவனமும், இதே ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் 1898 முதல் கொலம்பஸ் ஃபோர்ஜ் அண்ட் அயர்ன் நிறுவனமும் பட்டடை செய்யத் தொடங்கின. கொலம்பஸில் உருவானவற்றுக்கு வைத்த பெயர் 'டிரென்டன்'! டிரென்டன் நகரில் செய்தது கழுகு, டிரென்டன் என்று பொறித்தது கொலம்பஸில் செய்தது என்ற குழப்பத்தைத் திடலில் எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஹே-பட்டன், டிரென்டன் பட்டடைகளின் முன்காலில் வரிசை எண் உண்டு. அதைக் கொண்டு செய்த ஆண்டை அறியும் வழியை ரிச்சர்ட் போஸ்ட்மன் 1998இல் வெளியிட்ட 'ஆன்வில்ஸ் இன் அமெரிக்கா' என்ற நூல் காட்டிற்று.

வைஸ்களின் பக்கம் கூட்டம் குறைவு. ஆயினும் எனக்கு அவையே முதலில் கண்ணில் பட்டன. கொல்லர்கள் விரும்புவது லெக் வைஸ் எனப்படும் நீண்ட காலுடைய வகை. மேசையில் பிணைத்திருந்தாலும் அதன் கால் தரை வரை இறங்கி நிற்கும். வாயில் பிடித்த இரும்பைச் சம்மட்டியால் அடித்தால், அடி காலின் வழியே மண்ணுக்குள் போய்விடும். வார்ப்பிரும்பு மேசை வைஸ் அவ்வடியில் பிளந்துவிடும். லெக் வைஸின் குறை ஒன்றுதான்: அசையும் தாடை கீழே ஓர் அச்சில் சுழல்வதால், இரு தாடைகளும் ஒரே ஓர் அகலத்தில் மட்டுமே இணையாக நிற்கும். இதன் பழமையை அறியத் திருகு நுழையும் குழாயை எட்டிப் பார்க்க வேண்டும். மரையைக் கடைந்தெடுக்க வசதியில்லாத காலத்தில், இரும்புப் பட்டை ஒன்றைத் திருகின் மேலேயே சுருளாகச் சுற்றி, அதைக் குழாய்க்குள் செலுத்திப் பித்தளையால் பற்றவைத்தார்கள். உள்ளே மங்கலாக மின்னும் பித்தளைக் கோட்டைக் கண்டபோது, முகம் தெரியாத ஒருவருடைய பொறுமையைக் கண்டதாகவே தோன்றியது.

அந்த முகம் தெரியாதவர்களைப் பற்றித்தான் அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டடையின் இடுப்பில் நிறுவனத்தின் பெயர் இருக்கின்றது. ஊரின் பெயர் இருக்கின்றது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரை வேண்டியதன் பயனாகப் பிற்காலத்தவற்றில் 'இங்கிலாந்து' என்பதும் இருக்கின்றது. சம்மட்டி பிடித்தவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. பீட்டர் ரைட்டின் டட்லியிலிருந்து சில மைல் தொலைவில் உள்ளது கிராட்லி ஹீத். அங்கே வீட்டின் பின்புறக் கொட்டில்களில் சிறு பட்டடைகளின் முன் நின்று சங்கிலிக் கண்ணிகளை அடித்தவர்கள் பெண்கள். 1910இல் மணிக்கு இரண்டரைப் பென்னி என்னும் குறைந்தபட்சக் கூலிக்காகப் பத்து வாரங்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள்; மேரி மெக்கார்தர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அப்போராட்டத்துக்குத் திரண்ட நிதியில் எஞ்சியதைக் கொண்டு 1912இல் எழுப்பிய தொழிலாளர் மன்றம், பின்னாளில் கல்கல்லாகப் பெயர்க்கப்பெற்று டட்லியின் அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுவப்பட்டது. கட்டடம் எஞ்சியது, அவர்கள் அடித்த கண்ணிகளில் அவர்கள் பெயர் இல்லை.

பிற்பகலில் ஒரு வண்டியின் அருகே நண்பர் நின்றுவிட்டார். எழுபதைக் கடந்த ஒருவர், தம் பாட்டனாரின் பட்டடையை விற்க வந்திருந்தார். பீட்டர் ரைட். 'இங்கிலாந்து' என்ற சொல் இல்லை. ஆனால் அச்சொல் இல்லை என்பதாலேயே 1890க்கு முந்தையது என்று முடிவுகட்டவும் இயலாது. முகத்தின் நடுப்பகுதி சேணம்போல் சற்றே குழிந்திருந்தது. முன்விளிம்பு மழுங்கியிருந்தது. பாட்டனார் சுற்றுவட்டார உழவர்களின் கொழுக்களைத் தட்டிக் கூராக்கியவராம். கொம்புக்கும் முகத்துக்கும் இடைப்பட்ட மென்மையான படியில் உளித்தழும்புகள் நெருக்கமாகக் கிடந்தன. இரும்பை வெட்டும்போது உளியின் வாய் கெடாதிருக்கவே அப்படியை எஃகில்லாமல் விடுகின்றார்கள். அங்கே விழும் தழும்பு பிழையன்று, வேலை.

பக்கத்தில் சாக்கட்டியால் '118' என்றும், ராத்தல் ஐந்து டாலர் என்றும் எழுதியிருந்தது. இடுப்பிலோ 1, 1, 8 என்ற மூன்று எண்கள். நண்பர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். 112உம் 28உம் 8உம் சேர்ந்தால் 148. பேசாமல் பணத்தைக் கொடுத்திருந்தால் 150 டாலர் மிச்சம். அவர் மாதக்கணக்கில் சேமித்துவந்த தொகையோ அறுநூறை ஒட்டியது என்பது எனக்குத் தெரியும்.

"ஐயா, இந்த எடை தவறு" என்று நண்பர் சொல்லிவிட்டார். அந்தர்க் கணக்கை விளக்கினார். பெரியவர் நம்பவில்லை. மூவரும் அதைக் கைவண்டியில் ஏற்றிச் சற்றுத் தள்ளியிருந்த தராசுக்கு இழுத்துச் சென்றோம். 145 காட்டியது. குறையும் மூன்று ராத்தல் டட்லியில் நிறுத்தபோதே பிழைபட்டதோ, தேய்மானமோ, யார் சொல்ல முடியும்? பெரியவர் நெடுநேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இதை 118 என்றே சொல்லி வந்தோம்" என்றார்.

அதற்குள் வேறொருவர் வந்து, முழு விலைக்கும் தாம் எடுத்துக்கொள்வதாகவும், முகத்தை எந்திரத்தில் சீவிச் சமப்படுத்திவிட்டால் புதிதுபோல் ஆகிவிடும் என்றும் கூறினார். அப்படிச் செய்வோர் உண்டு. எஃகு முகத்தின் கனம் மிகையன்று. சீவச் சீவக் கடினமான பகுதி போய் மென்மையான இரும்பு வெளிப்படும். அதனோடு, பாட்டனார் நின்று தட்டிய இடமும் போய்விடும். இப்பொருள்கள் அழிவுக்குப் புதியவை அல்ல. மோட்டார் வண்டியும் டிராக்டரும் குதிரையை வெளியேற்றியபோது பட்டறைகள் மூடின. 1942இன் போர்க்கால இரும்புச் சேகரிப்பில் பழைய இரும்பெல்லாம் உருக்குக்குப் போயிற்று. 1973இல் ஜார்ஜியாவின் லம்ப்கினில் சிலர் கூடி வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கத்தைத் தொடங்கியிராவிடில், எஞ்சியவற்றுக்கும் பூந்தொட்டி தாங்கும் பணியே வாய்த்திருக்கக்கூடும்.

பெரியவர் நண்பரிடம் திரும்பி, "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார். இருந்ததைச் சொன்னார். "சரி. ஆனால் முகத்தைச் சீவாதே."

வண்டியில் ஏற்றும்போது நானும் ஒரு கை கொடுத்தேன். இரவு ஊர் திரும்பும் வழியெல்லாம், ஒவ்வொரு பள்ளத்திலும் அது பின்னாலிருந்து மணிபோல் ஒலித்துக்கொண்டே வந்தது. அடுத்த வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். குழிந்த அந்த நடுப்பகுதி, வளைந்த கம்பியை நிமிர்த்துவதற்கு மிகப் பொருத்தமாக இருக்கின்றதாம்.