ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானம்

1974 டிசம்பர் 4, புதன்கிழமை. இரவு பத்து மணி கடந்து பத்து நிமிடம். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத்தோட்ட லயங்களில் விளக்கணைந்து வெகுநேரமாகியிருக்கும். விடியற்காலையில் வேலைக்குப் பெயர்கொடுக்கும் பிரட்டுக்குப் போகவேண்டிய ஜனம். அந்த நேரத்தில்தான், நான்கு ஜெட் எஞ்சின்கள் பூட்டிய டி.சி.-8 ரக விமானமொன்று மஸ்கெலியாவுக்கு அருகே, தெபர்டன் தோட்டத்துக்கு மேலே நிற்கும் ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. மோதிய சிகரம் அஞ்சிமலை. விமானத்திலிருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் இன்றுவரை நடந்த விமான விபத்துகளில் ஆக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது இதுதான்.

மலையகத்துக்கு ரயிலும் தார்ப்பாதையும் வந்த கதைகளைப் பேசிவிட்டு விமானத்தை விட்டுவிட முடியாது. விமானநிலையம் இல்லாத ஊர்தான் நம்முடையது. ஆனாலும் வான்பயண வரலாற்றில் நம் மலைக்கு ஓரிடம் உண்டு. அது துயரமான இடம்.

விமானம் நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்துடையது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காகப் பறந்துகொண்டிருந்தது. கிழக்கு ஜாவாவின் சுரபாயாவிலிருந்து ஜெத்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற அது, வழியில் கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்க விமானநிலையத்தில் தரித்துப் போகவேண்டியிருந்தது. பயணிகள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். யாத்திரிகர்களில் பெரும்பாலோர் பிளிட்டார், லமோங்கான் என்ற கிழக்கு ஜாவா மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒருகாலத்தில் கப்பலில் வாரக்கணக்காகப் போன ஹஜ் பயணத்தை ஒரு நாளுக்குள் முடித்துக் கொடுத்தது ஜெட் விமானம். விமானப் பொறியியல் சமுதாயத்துக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கடல் கடந்த புனிதப் பயணத்தை அது கிராமத்து மனிதர்களுக்கும் எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்தது.

அந்த விமானத்தின் பறக்கும் திறனில் குறையேதுமில்லை. ஒரு விமானத்தின்மீது நான்கு விசைகள் வேலை செய்கின்றன. எடை கீழே இழுக்கிறது. சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்பித் தள்ளுவதால் கிடைக்கும் உயர்த்துவிசை மேலே தாங்குகிறது. எஞ்சினின் உந்துவிசை முன்னே கொண்டுபோகிறது. காற்றின் இழுவை பின்னே பிடிக்கிறது. இந்த நான்கையும் சமன்செய்யும் கலையை மனிதர்கள் 1903இலேயே கண்டுகொண்டார்கள். டி.சி.-8 முதன்முதலில் பறந்தது 1958இல். 1974க்குள் உலகெங்கும் ஓடித் தேர்ந்த விமானம். அன்றிரவு பிழையாகிப்போனது வேறொரு கணக்கு. நாம் எங்கே இருக்கிறோம், நமக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கணக்கு.

சுரபாயாவிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 4000 கிலோமீற்றர். வழியில் பெரும்பகுதி இந்து சமுத்திரம். விமானங்களுக்குச் செய்மதி வழிகாட்டல் இல்லாத காலம். விமானத்தின் அடியிலிருந்து வானொலி அலைகளைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணிக்கும் டொப்ளர் கருவியை நம்பி வந்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் நிற்காமல் ஊதிக்கொண்டே ஓடும் ரயிலின் ஊதலொலி நம்மைக் கடந்ததும் தாழ்ந்து கேட்கிறதே, அதே தத்துவம். வேகம் தெரிந்தால் ஓடிய தூரம் தெரியும். திசையும் தெரிந்தால் இருக்குமிடம் தெரியும். ஆனால் கணக்கில் விழும் சிறு பிழை வழிநெடுகக் கூடிக்கொண்டே வரும். நூற்றுக்கு ஒன்று என்றாலே 4000 கிலோமீற்றர் முடிவில் அது 40 கிலோமீற்றர். கீழே இருப்பது நகர்ந்துகொண்டேயிருக்கும் கடல்நீர் என்பதால், தரைக்கு மேல் கிடைக்கும் திருத்தம் அங்கே கிடைப்பதுமில்லை.

இரவு 10.08 மணியளவில் கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையம் 2000 அடிக்கு இறங்க அனுமதி கொடுத்தது. 04ஆம் ஓடுபாதையை எதிர்பாருங்கள், விமானநிலையம் கண்ணில் பட்டதும் சொல்லுங்கள் என்றது. கட்டுநாயக்கவை நெருங்கிவிட்ட விமானத்துக்கு அது பொருத்தமான உயரம்தான். உண்மையில் விமானம் கட்டுநாயக்கவுக்குக் கிழக்கே 40 கடல்மைல் தள்ளி, நம் மலைகளுக்கு மேலே இருந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 4355 அடி உயரத்தில் மோதல் நடந்தது.

அப்போது விமானியின் கண்முன் உயரமானி இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருந்தது, சரியாகவே காட்டியும் இருக்கலாம். அந்தக் கருவிக்குள் இருப்பது காற்று வெளியேற்றி மூடிய மெல்லிய உலோகப் பெட்டி. மேலே போகப்போக வெளியே காற்றழுத்தம் குறையும், பெட்டி விரியும், அந்த விரிவு பல்சக்கரங்கள் வழியாக முள்ளைச் சுழற்றும். அது சொல்வது கடல்மட்டத்துக்கு மேலான உயரத்தை மட்டும்தான். காலடியில் கடற்கரை இருக்கிறதா, ஹட்டனைப்போல் நாலாயிரம் அடி மேட்டுநிலம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பாடசாலைகளில் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் அழுத்தமானிப் பாடத்தை அஞ்சிமலையிலிருந்து தொடங்கினால் நம் பிள்ளைகள் ஒருபோதும் மறக்கமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

விசாரணை சொன்ன காரணமும் இதுவே: தாங்கள் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்த விமானிகள், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். டொப்ளரையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தது தவறான விளக்கத்துக்கு இடம்கொடுத்திருக்கும் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். என் மனத்தை அறுப்பது வரைபடம்தான். ஏழு கன்னியர் தொடர் மலைநாட்டின் மேற்கு விளிம்பில் நிற்கிறது. அதைத் தாண்டினால் நிலம் கித்துல்கல பக்கமாகச் சரிந்து தாழ்நாட்டில் இறங்கிவிடும். கிழக்கேயிருந்து வந்த விமானம் உயர்ந்த மலைகளையெல்லாம் கடந்து, கடைசி வரிசையில் மோதியிருக்கிறது.

இனி உலகத்தின் பக்கம் பார்ப்போம். இதற்கு மூன்றே நாள் முன்பு, டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் இதேபோல் மலையொன்றில் மோதி 92 பேர் இறந்தார்கள். விமானமும் எஞ்சினும் நல்ல நிலையில், கட்டுப்பாடும் விமானி கையில் இருக்க, தெரியாமல் தரையில் மோதுவது அன்றைய வான்பயணத்தின் பெரிய கொலையாளி. கனடாவில் பிறந்த டொன் பேட்மன் என்ற பொறியியலாளர் அதற்கு ஒரு கருவி செய்திருந்தார். விமானத்தின் வயிற்றிலிருந்து வானொலி அலையை நேரே கீழே அனுப்பி, தரை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று அளந்து, ஆபத்தானால் விமானியறையில் குரல்கொடுத்து எச்சரிக்கும் கருவி. வேர்ஜீனியா விபத்துக்குப் பின் அமெரிக்க அரசு பெரிய பயணிகள் விமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது; உலகமும் பின்தொடர்ந்தது.

கீழே மட்டும் பார்க்கும் கருவி என்பதால், முன்னே செங்குத்தாக எழும் பாறைக்கு அது சில விநாடி அவகாசம்தான் கொடுத்தது. 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகருக்கருகே மலையில் மோதிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் அந்தக் கருவி எச்சரித்தும் 159 பேர் மாண்டார்கள். பேட்மன் குழுவினர் அடுத்த தலைமுறைக் கருவியில் உலகத்தின் மேடுபள்ள வரைபடத்தையே ஏற்றினார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் விற்பனைக்கு வந்த அதன் இராணுவ வரைபடங்களும் அதற்கு உதவின. செய்மதி சொல்லும் இடத்தையும் வரைபடத்தையும் ஒப்பிட்டு, முன்னால் வரப்போகும் மலையை இன்று விமானம் முன்கூட்டியே அறிகிறது. கட்டுநாயக்கவுக்கு இன்று இறங்கும் பயணிகள் ஜெட் விமானங்களின் கணினிகளில் நம் மலைகளும் இருக்கின்றன.

இந்தப் பொறியியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் வேர்ஜீனியாவைச் சொல்வார்கள், காலியைச் சொல்வார்கள். வேர்ஜீனியா விபத்து நடந்த அதே வாரத்தில், அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான உயிர்கள் போன அஞ்சிமலையைப் பலர் சொல்வதில்லை. இறந்தவர்கள் ஜாவாவின் கிராமத்து மனிதர்கள். விபத்து நடந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் அப்போது பஞ்சத்தில் வாடிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்கள், அவர்களில் பலர் எந்த நாட்டுக்கும் குடிமக்களல்லர். இரு பக்கத்தாருக்கும் உலகப் பத்திரிகைகளில் குரல் இல்லை. நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கும் அந்த விமானத்தின் சக்கரத்தைப் பார்த்திருப்பவர்கள் பலர். 182 யாத்திரிகர்களின் ஊர்ப்பெயரையாவது அறிந்தவர்கள் நம்மிடையே குறைவு. அதனால்தான் பிளிட்டார், லமோங்கான் என்று மேலே எழுதினேன்.

அஞ்சிமலை விபத்து நடந்து நான்கு வருடம் கூட முழுதாகக் கழியவில்லை. 1978 நவம்பர் 15 இரவு, அதே டி.சி.-8 ரகம், இம்முறை ஐஸ்லாந்து நிறுவனத்துடையது, ஹஜ் முடித்து ஜெத்தாவிலிருந்து சுரபாயா திரும்பும் இந்தோனேசிய யாத்திரிகர்களோடு கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விமானிகள் உயரத்தைச் சரிபார்க்கவில்லை என்றது இலங்கை விசாரணை. தரையிறங்க வழிகாட்டும் நிலையத்துக் கருவிகளில் கோளாறு என்றது ஐஸ்லாந்துத் தரப்பு.

(தொடரும்)