அருமனையில் பேசிய பேச்சு

எங்கள் அல்லிநகரத்தில் வீரப்ப அய்யனாரைக் கும்பிட்டுப் புறப்படும் வேட்பாளர், கம்பம் பள்ளத்தாக்குக்குள் ராயப்பன்பட்டி போய்ச் சேர்ந்தால் பங்குச் சாமியாரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். சாமியார் எதிரே கைகூப்பி நிற்கும் படத்துக்கு ஓட்டில் மதிப்பு உண்டு. அதே சாமியார் என்றோ பேசிய பேச்சும் அந்தப் படத்தோடு சேர்ந்து வந்தால்?

2021 ஜூலை 18. குமரி மாவட்டம் அருமனையில், பழங்குடியினர் உரிமைக்காகப் போராடி, காவலில் இருந்தபோதே இறந்துபோன பாதிரியார் ஸ்டேன் சுவாமிக்கு அஞ்சலிக் கூட்டம். 84 வயது, பார்க்கின்சன் நோய், ஜாமீன் கிடைக்கவில்லை. நாடே பதில் சொல்ல வேண்டிய சாவு அது. மேடையேறிய பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அப்போதைய நாகர்கோவில் பா.ஜ.க. எம்.எல்.ஏ. எம்.ஆர். காந்தி எழுபது வயதைத் தாண்டியும் வெறுங்காலோடு நடப்பவர். பாரத மாதாவைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பதற்காக. அதைக் கேலி செய்து, அவள் அசுத்தம் நம் காலில் ஒட்டக்கூடாது என்றுதான் நாம் செருப்புப் போடுகிறோம் என்ற பொருளில் பேசினார். தி.மு.க.வின் வெற்றி சிறுபான்மையினர் போட்ட பிச்சை என்றார். ஜூலை 24-ல் கைதானார். வருத்தமும் தெரிவித்தார். ஆனால் ஸ்டேன் சுவாமிக்காகக் கேட்க வேண்டிய கேள்வியை அந்தச் செருப்புப் பேச்சு விழுங்கிவிட்டது. என்னால் பொறுக்க முடியாதது அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடுவதை இழித்துப் பேசி எந்த நியாயத்தையும் வாங்க முடியாது.

2022 செப்டம்பர் 7-ல் காங்கிரஸின் ராகுல் காந்தி பாரத் ஜோடோ யாத்திரைக்காகக் குமரியிலிருந்து நடக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் புலியூர்குறிச்சியில் பாதிரியார்களைச் சந்தித்தார். அவர்களில் பொன்னையாவும் ஒருவர். இயேசுதான் உண்மையான கடவுள் என்று அவர் சொன்ன வீடியோத் துண்டை பா.ஜ.க. பரப்பியது, அருமனைப் பேச்சும் தூசு தட்டப்பட்டது. காங்கிரஸ் மறுப்பு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் 2008 மார்ச்சில் ஒபாமாவுக்கு நேர்ந்ததும் இதுவே. அவருடைய சிகாகோ தேவாலயப் போதகர் ஜெரமையா ரைட்டின் பழைய பிரசங்கங்கள் தொலைக்காட்சியில் ஓடின. ஒபாமா ஒளியவில்லை, சில நாட்களில் பிலடெல்பியாவில் நின்று இனப்பிரச்சினையைப் பற்றியே பேசினார். ரைட் மீண்டும் வாய் திறந்தபோது உறவை முறித்தார். நவம்பரில் வென்றார்.

குமரியிலோ, காங்கிரஸின் விஜய் வசந்த் 2021 மக்களவை இடைத்தேர்தலில் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணனை 1,37,000-க்கு மேற்பட்ட வாக்குகளில் வென்றார். அருமனைப் பேச்சும் புலியூர்குறிச்சி வீடியோவும் ஊர் ஊராகப் போய் வந்த பிறகு, 2024-ல் அதே இருவர் மோதினர். மீண்டும் விஜய் வசந்தே வென்றார். வித்தியாசம் 1,79,000-ஐத் தாண்டியது.

(தொடரும்)