கம்பளிப்பூச்சியும் பன்னிரண்டு டயரும்

போன மாதம் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பழைய ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறான். டிசம்பரில் நண்பர்களோடு ஜெய்சால்மர் மணல்மேடுகளுக்குப் போகிறானாம். அதற்குள் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை நான்கு அங்குலம் தூக்க வேண்டும், பெரிய டயர் மாட்ட வேண்டும். "தாத்தா, ஒரு லட்சம் கடனாக் குடுங்க, அடுத்த வருஷம் திருப்பித் தந்துடறேன்" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. சின்ன வயதில் எழுதிய ஒரு திக்தே நினைவுக்கு வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவர்களுக்குத் திக்தேயைத் தெரியும். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், பிழைக்குப் பிழை மதிப்பெண் குறையும். அன்று வந்த பாடம் சித்ரோயன் கார்கள் சகாராவைக் கடந்த கதை. அதில் 'ஷெனிய்' என்ற சொல்லைத் தப்பாக எழுதினேன். கம்பளிப்பூச்சி என்று பொருள். காருக்கும் கம்பளிப்பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

விஷயம் இதுதான். அடோல்ப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ருஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலாவின் கார்களைக் கவனித்து வந்தவர். பனியில் சக்கரம் புதைகிறது என்பதால் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அகலமான ரப்பர்ப் பட்டை ஓடும்படி செய்தார். புரட்சிக்குப் பிறகு பிரான்சுக்குத் திரும்பிய அவரைச் சித்ரோயன் சேர்த்துக்கொண்டார். பனிக்குச் செய்தது மணலுக்கும் உதவியது. 1922 டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் துகூர்த்திலிருந்து ஐந்து வண்டிகள் கிளம்பின. தலைவர்கள் ஹார்த், ஒதுவேன் துப்ரேய் இருவரும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 1923 ஜனவரி 7 அன்று திம்புக்து போய்ச் சேர்ந்தார்கள். முதல் வண்டியின் பெயர் 'தங்க வண்டு'.

திக்தே அதோடு முடிந்துவிட்டது. மீதியைப் பெரியவனான பிறகு படித்தேன்.

சித்ரோயனுக்குப் போட்டி ரெனோ. அவர்கள் பட்டையைத் தொடவில்லை. மூன்று அச்சு, ஆறு இடம், ஒவ்வோர் இடத்திலும் இரட்டை டயர், ஆகப் பன்னிரண்டு டயர்கள். எல்லாம் காற்றைக் குறைத்து ஓட்டுகிற அகலமான டயர்கள். 1924 அக்டோபர் 28 அன்று கொலோம் பெஷார் என்ற ஊரிலிருந்து சித்ரோயனின் எட்டுப் பட்டை வண்டிகள் ஆப்பிரிக்காவைக் கடக்கப் புறப்பட்டன. அடுத்த மாதமே அதே ஊரிலிருந்து ரெனோ வண்டிகளும் தெற்கே புறப்பட்டன. அதில் ஒன்றில் தெலாங்கெத் என்ற ராணுவ அதிகாரியும் அவர் மனைவியும் 1925-இல் கேப் டவுன் வரைக்கும் போய்விட்டார்கள்.

இரண்டு கம்பெனிக்கும் வழி வேறு, கணக்கு ஒன்று. வண்டியின் பாரத்தை அதிக இடத்தில் பரப்பினால் மணல் தாங்கும். ஒட்டகத்தின் அகலமான பாதத்துக்கும் இதே கணக்குதான். உயரம் கூட்டுவது இந்தக் கணக்கில் வரவே இல்லை. பட்டை சீக்கிரம் தேயும், வேகமும் குறைவு. பிற்பாடு சகாராவில் வாடிக்கையாக ஓடிய பஸ்களெல்லாம் டயரில்தான் ஓடின. 1934 கடைசியில் சித்ரோயன் கம்பெனி கடனில் மூழ்கியபோது அதை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? டயர் செய்யும் மிஷெலின்!

திக்தேயில் இல்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1931-இல் அதே ஹார்த் பட்டை வண்டிகளோடு ஸ்ரீநகரிலிருந்து கில்கித்துக்கு மலையேறினார். பாதை இடிந்த இடங்களில் வண்டியைப் பிரித்து, கூலியாட்கள் முதுகில் துண்டு துண்டாகச் சுமந்துபோனார்கள். கில்கித்துக்கு அப்பால் குதிரைதான். எங்களுக்கு இதையெல்லாம் யந்திரத்தின் வெற்றி என்றே சொல்லிக் கொடுத்தார்கள். சுமந்தவர்களின் பெயரை எந்த வாத்தியாரும் சொல்லி எழுதச் சொன்னதில்லை.

காலையில் பேரனை உட்கார வைத்துச் சொன்னேன். "ஸ்பிரிங்கைத் தூக்கினா பாடிதான் உயரும்ப்பா. கீழே தொங்கற டிஃபரன்ஷியல் இருந்த இடத்துலதான் இருக்கும். அதை உயர்த்தறது டயர் மட்டும்தான். டயர் இரண்டு அங்குலம் பெரிசானா அது ஓர் அங்குலம் ஏறும். வண்டி உயர உயர மணல்மேட்டுச் சரிவுல சாயற பயமும் கூடும்."

பணிக்காலத்தில் வண்டிப் பதிவுக் கோப்புகள் என் மேசை வழியாகப் போனவை. அதனால் 1988 சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் சொன்னேன். தயாரித்தவர் குறித்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் இதைத்தான் கேட்பான்.

பேரன் முகம் சுருங்கியது. "கூட வர்ற எல்லாரும் தூக்கியிருக்காங்க தாத்தா" என்றான். அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவனுடைய வண்டிக்குக் கம்பெனி அனுமதித்த அளவுகளில் பெரியதாக நான்கு டயர் வாங்கப் பணம் கொடுத்தேன். கடனாக அல்ல. மணலில் இறங்கும் முன் காற்றைப் பதினெட்டுப் பவுண்டுக்குக் குறை, தார் ரோடு வந்ததும் மறுபடி நிரப்பு என்றும் சொன்னேன். நிரப்புவதற்குப் பம்பு ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கிறது.