வானொலிக்காகப் பிறந்த எஞ்சின்

ஹொண்டாவின் கதை, ஒரு சாதாரண சைக்கிளில் பூட்டிய இராணுவ எஞ்சினில் தொடங்குகிறது. ஆண்டு 1946, இடம், யப்பானின் ஹமமட்சு. குண்டுவீச்சில் அழிந்த நகரம் அது. ரயில்களில் கால்வைக்க இடமில்லை. அரிசியும் கிழங்கும் தேடிச் சனங்கள் சைக்கிளில் கிராமங்களுக்கு அலைந்தார்கள். பிஸ்டன் வளையம் செய்த தன் கம்பனியை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டிருந்த சொய்சிரோ ஹொண்டா, அந்த ஒக்டோபரில் அங்கே ஒரு சிறு பட்டறையைத் திறந்தார்.

அவர் கையில் அகப்பட்டது, இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறிய ஜெனரேற்றர் எஞ்சின். போர் முடிந்தபின் அதற்கு வேலையில்லை. ஹொண்டா அதைச் சைக்கிளில் பூட்டினார். எரிபொருள் தாங்கி, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வைக்கும் சுடுதண்ணீர்ப் போத்தல்! முதலில் ஒரு ரப்பர் உருளை முன் ரயரை உரசிச் சுழற்றியது. அந்தக் காலத்து ரயர்கள் அதைத் தாங்கவில்லை. பிறகுதான் பெல்ட் போட்டுப் பின்சில்லை இழுக்கவைத்தார்.

ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மனைவி சச்சியும் ஒருவர். ஊர் பார்க்கப் போகும் வண்டி என்று நல்ல உடுப்போடு ஏறியவர், திரும்பும்போது உடுப்பெல்லாம் எண்ணெய். காபரேற்றர் பின்னால் துப்பியிருக்கிறது. அவர் சொன்ன பிறகே அந்தக் குறை திருத்தப்பட்டது.

பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. பைன் மரத்திலிருந்து எடுக்கும் டர்பன்டைனைக் கலந்து ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் தாராளம். ஆனாலும் வண்டிக்குக் கிராக்கி குறையவில்லை. சுமார் ஐந்நூறு பழைய எஞ்சின்களும் தீர்ந்துபோக, 1947இல் ஹொண்டா தன் சொந்த எஞ்சினைச் செய்தார். அதன் சத்தத்தை வைத்துச் சனங்கள் அதைப் 'பட்டா பட்டா' என்றார்கள். 1948இல் கம்பனி உருவானது. 1952இல் சிவப்பு எஞ்சினும் வெள்ளைத் தாங்கியுமாக 'கப்' வந்தபோது, அவரது கூட்டாளி தக்கெயோ புஜிசாவா நாடெங்குமுள்ள சுமார் 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் போட்டே விற்பனை வலையைப் பின்னினார். 1958இல் 'சுப்பர் கப்'. 2017இல் அதன் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது.

நான் வேலை செய்யும் கணினித் துறையில் இந்தக் கதைக்கு நல்ல மதிப்பு. பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள்: தட்டுப்பாடு வந்தால் மூளை வேலை செய்யும், மூளை வேலை செய்தால் கம்பனி பிறக்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணம்தான் நினைவுக்கு வரும்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் பெற்றோல், பற்றரி எல்லாம் தடைப்பட்டன, மின்சாரம் நின்றது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் ஹொண்டா மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது, பற்றவும் மாட்டாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். டர்பன்டைனோடு ஹமமட்சுவில் மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையிருந்திருக்காது.

இன்னொன்றையும் செய்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். பெரியவர்கள் காதைக் கொடுத்து பி.பி.சி. தமிழோசை கேட்க, சுற்றும் வேலை பிள்ளைகளுக்கு. கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். ஹமமட்சுவில் வானொலிக்கு மின்சாரம் தந்த எஞ்சின் சைக்கிளுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளே வானொலிக்கு மின்சாரம் தந்தது.

மூளையிலோ கைத்திறனிலோ இரண்டு ஊருக்கும் பெரிய வேறுபாடு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஹொண்டா எஞ்சினைப் பூட்டியபோது அவருடைய நாட்டில் போர் முடிந்திருந்தது. தெருக்கள் திறந்திருந்தன, சைக்கிள் கடைக்குக் கடிதம் போனது, பணம் வந்தது. எங்கள் மெக்கானிக்குகளுக்குப் போர் முடியவில்லை. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் புறப்பட்டபோது, பட்டறைகளும் அப்படியே கைவிடப்பட்டன.

மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளைப் பற்றி இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவர்கள் சிரித்து வியப்பார்கள். வியக்கட்டும். ஆனால் தட்டுப்பாடு எங்களுக்கு நல்லது செய்தது என்று அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த மெக்கானிக்குகளுக்கு மூளையைத் தந்தது தட்டுப்பாடு அல்ல. அது அவர்களிடம் முன்பே இருந்தது. அவர்களுக்குக் கிடைக்காதது சமாதானம்.